மலாவியில் ஆட்சியை இறக்க முடிகிறது, வழக்கைத்தான் முடிக்க முடியவில்லை

கேள்வி இதுதான்: மலாவி மாதிரி ஏழை ஆப்பிரிக்க நாட்டில் ஆட்சியில் இருப்பவர்களை யார் தட்டிக்கேட்பது? தேர்தல் எல்லாம் கண்துடைப்பு, மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் வழியில் ராணுவம் இறங்கினால்தான் சரிப்படும் என்கிறார்களே, உண்மையா?

மற்ற நாடுகளை விடுங்கள், மலாவியை வைத்துச் சொன்னால் இல்லை. அந்த நாட்டு ராணுவத்துக்கு ஆட்சியைப் பிடிக்க நல்ல சந்தர்ப்பம் இரண்டு முறையாவது வந்தது, இரண்டு முறையும் அது அரசியலமைப்புச் சட்டத்தின் பக்கம்தான் நின்றது. அங்கே தலைவர்களை வீட்டுக்கு அனுப்புவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. அனுப்பியபிறகு என்ன ஆகிறது என்பதில்தான் கோளாறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் "தேர்தலால் பயனில்லை" என்ற பேச்சே வருகிறது.

கொஞ்சம் பின்னணி. மலாவி 1964ல் பிரிட்டனிடம் இருந்து விடுதலை பெற்ற நாடு, இன்று சுமார் 2 கோடி மக்கள், கடற்கரை கிடையாது, மக்காச்சோளமும் புகையிலையும்தான் வாழ்க்கை. முதல் 30 ஆண்டுகள் ஹேஸ்டிங்ஸ் கமூசு பண்டா ஒருவர் கையில். 1971ல் தன்னை வாழ்நாள் அதிபராகவே அறிவித்துக்கொண்டவர். அவரை அசைத்தது துப்பாக்கி இல்லை, 1992 மார்ச்சில் கத்தோலிக்க ஆயர்கள் எழுதி நாடு முழுக்கத் தேவாலயங்களில் வாசித்த ஒரு சுற்றுமடல். அடுத்த ஆண்டே பொதுவாக்கெடுப்பு, பல கட்சி ஆட்சிமுறைக்கு 60 சதவீதத்துக்கு மேல் ஆதரவு, 1994 தேர்தலில் பண்டா தோல்வி. தோற்றவர் பேசாமல் பதவியை விட்டு இறங்கினார்.

அடுத்து வந்த பக்கிலி முலூசி மூன்றாவது முறையும் அதிபராக ஆசைப்பட்டு 2002ல் சட்டத்தைத் திருத்தப் பார்த்தார், நாடாளுமன்றத்தில் சில ஓட்டுகளில் கவிழ்ந்தது.

இப்போது 2012க்கு வருவோம், ராணுவம் பற்றிக் கேட்டீர்களே. அதிபர் பிங்கு வா முத்தாரிகா ஏப்ரல் 5ஆம் தேதி மாரடைப்பில் இறந்தார். துணை அதிபர் ஜாய்ஸ் பண்டாவைக் கட்சியை விட்டு அவர் ஏற்கெனவே நீக்கியிருந்தார், ஆனால் மக்கள் தேர்ந்தெடுத்த துணை அதிபரைப் பதவியிலிருந்து நீக்க அவருக்கு அதிகாரம் இல்லை. சட்டப்படி அடுத்த அதிபர் ஜாய்ஸ் பண்டாதான். ஆனால் உடலைத் தென்னாப்பிரிக்காவுக்கு விமானத்தில் கொண்டுபோய், சிகிச்சை நடக்கிறது என்று நாட்டுக்குச் சொல்லிக்கொண்டு, உள்ளே அதிபரின் தம்பி பீட்டர் முத்தாரிகாவைக் கொண்டுவர வேலை நடந்தது. ஆளுங்கட்சியின் ஆறு பேர் நள்ளிரவில் பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டு ஜாய்ஸ் பண்டா பதவிக்கு வர முடியாது என்றார்கள், அவர்களுக்கு "நள்ளிரவு ஆறு பேர்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜாய்ஸ் பண்டா ராணுவத் தளபதி ஹென்றி ஓடில்லோவுக்குப் போன் செய்தார். தளபதி அவர் வீட்டைச் சுற்றிச் சிப்பாய்களைக் காவலுக்கு நிறுத்தினார், அவ்வளவுதான். ஏப்ரல் 7ஆம் தேதி பதவியேற்பு நடந்தது.

அடுத்தது 2019. மே 21 தேர்தலில், 2014ல் ஜெயித்து அதிபராக இருந்த பீட்டர் முத்தாரிகா 38.57 சதவீதம், எதிர்த்து நின்ற லாசரஸ் சக்வேரா 35.41, சாலோஸ் சிலிமா 20.24. முதல் இருவருக்கும் நடுவே சுமார் 1,59,000 ஓட்டுதான் வித்தியாசம். வாக்குச்சாவடியில் இருந்து வந்த முடிவுத் தாள்களைப் பார்த்தால் எண்களின் மேல் வொயிட்னர் பூசி வேறு எண் எழுதியிருந்தது. நம்மூர்ப் பள்ளிக்கூடப் பையன் விடைத்தாளில் பூசுகிற அதே வெள்ளை மை. மலாவிக்காரர்கள் அந்தத் தேர்தலுக்கே அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். தேர்தல் ஆணையத் தலைவி ஜேன் அன்சா, தானே ஒரு நீதிபதி, பதவி விலக மறுத்தார். மனித உரிமைக் கூட்டமைப்பு ஒன்று அழைப்புவிட மாதக்கணக்கில் ஊர்வலம் நடந்தது. போலீஸ் கண்ணீர்ப்புகை அடித்த இடங்களில் சிப்பாய்கள் ஊர்வலக்காரர்களுக்குப் பாதுகாப்பாக நடந்து போனார்கள். இதெல்லாம் அமைதியாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். 2019 அக்டோபரில் தலைநகர் லிலோங்வேயை ஒட்டிய ன்சுந்த்வேயில் கூட்டம் ஒரு போலீஸ்காரரைக் கொன்றது. அதற்குப் பழிவாங்கப் போலீஸ் அந்தப் பகுதிப் பெண்களிடமும் சிறுமிகளிடமும் பாலியல் வன்கொடுமையில் இறங்கியது, 2020ல் உயர் நீதிமன்றம் அவர்களுக்கு இழப்பீடு தரச் சொன்னது.

வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியலமைப்பு அமர்வுக்குப் போனது. விசாரணை முழுவதும் வானொலியில் நேரடியாக ஒலிபரப்பானது, சந்தைக் கடைகளிலும் மினிபஸ்களிலும் சாட்சிகளின் குறுக்கு விசாரணையைக் கேட்டுக்கொண்டு ஜனம் நின்றது. என்னைக் கேட்டால் அந்த வழக்கில் நடந்த பெரிய காரியம் இதுதான், தீர்ப்பைவிடப் பெரியது. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிக்கும் முடிவுத் தாளில் யார் கையெழுத்துப் போட வேண்டும், யார் போடவில்லை என்பது தெரிந்துபோனது. இடையில் நீதிபதிகளுக்கு லஞ்சம் கொடுக்க முயற்சி நடந்தது, தலைமை நீதிபதி ஆண்ட்ரூ நியிரெண்டாவே ஊழல் தடுப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுத்தார். அதில் பெரிய வங்கியாளர் ஒருவருக்கு 2021ல் 9 ஆண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது.

2020 பிப்ரவரி 3. நீதிபதிகள் ராணுவக் கவச வண்டியில் நீதிமன்றம் வந்தார்கள், குண்டு துளைக்காத சட்டை வேறு. சுமார் 500 பக்கத் தீர்ப்பு, வாசிக்கவே ஏறக்குறைய பத்து மணி நேரம். முறைகேடு அங்கங்கே நடந்த சில்லறைத் தவறு இல்லை, பரவலாகவும் திட்டமாகவும் நடந்தது, அதனால் தேர்தல் செல்லாது, 150 நாளுக்குள் மறுதேர்தல், அதிலும் பாதிக்கு மேல் ஓட்டு வாங்கினால்தான் வெற்றி என்றார்கள். அரசு சும்மா இருக்கவில்லை. மார்ச்சில் ஊர்வலக்காரர்களைக் காத்த ராணுவத் தளபதியை முத்தாரிகா நீக்கினார், ஜூனில் தலைமை நீதிபதியை ஓய்வுக்கு முந்தைய விடுப்பு என்ற பெயரில் வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார். வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு தெருவில் இறங்கினார்கள், நீதிமன்றம் அந்த உத்தரவைத் தடுத்தது. ஜூன் 23 மறுதேர்தலில் எதிர்க்கட்சிக் கூட்டணியின் சக்வேரா 58 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார். கென்யாவிலும் 2017ல் நீதிமன்றம் அதிபர் தேர்தலை ரத்து செய்தது, ஆனால் மறுதேர்தலை எதிர்க்கட்சி புறக்கணிக்க, பழைய ஆளே திரும்பி வந்தார். ஆப்பிரிக்காவில் ரத்தான தேர்தலுக்குப்பின் எதிர்க்கட்சி ஜெயித்தது மலாவியில்தான் முதல் முறை.

ராணுவ ஆட்சி வேண்டும் என்பவர்களுக்கு என் பதில் இந்த ஒரு ஆண்டுக் கதைதான். அந்த ஒரு ஆண்டில் நீதிபதி, வழக்கறிஞர், வானொலி, சிப்பாய், தெருவில் நின்ற ஜனம் எல்லாரும் ஒரே நேரத்தில் அவரவர் வேலையைச் செய்தார்கள்.

சரி, இது நல்ல பாதி. இனி கெட்ட பாதி.

2013 செப்டம்பரில் லிலோங்வேயில் நிதியமைச்சகத்தின் பட்ஜெட் இயக்குநரை அவர் வீட்டு வாசலில் சுட்டார்கள், உயிர் பிழைத்துக்கொண்டார். அதே சமயத்தில் ஒரு சாதாரணக் கணக்கு எழுத்தரின் காரில் கட்டுக்கட்டாகப் பணம் அகப்பட்டது. நூல் பிடித்துப் போனால் முறை இப்படி: அரசுக் கணினிக் கணக்கில் ஒரு கம்பெனிக்குப் பணம் கொடுத்ததாகப் பதிவு, காசோலை வெளியே போகும், சரக்கு எதுவும் வராது, அப்புறம் அந்தப் பதிவையே கணினியிலிருந்து அழித்துவிடுவார்கள். இதற்குக் கேஷ்கேட் என்று பெயர். 2013 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தை மட்டும் தோண்டிய தடயவியல் தணிக்கை சுமார் 1,360 கோடி க்வாச்சா (மலாவி நாணயம்) போயிருக்கிறது என்றது. தண்டனையே இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு துறைச் செயலர் உள்ளே போனார், ஆளுங்கட்சியில் பொறுப்பில் இருந்த ஒரு வியாபாரிக்கு 11 ஆண்டு கிடைத்தது. ஆனால் மேலே யார் சொல்லி நடந்தது என்ற கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் இல்லை.

அதற்குத் தண்டனை அனுபவித்தது யார் தெரியுமா? மலாவி பட்ஜெட்டில் ஏறக்குறைய 40 சதவீதம் வெளிநாட்டு உதவியாக வந்துகொண்டிருந்த காலம் அது. கேஷ்கேட் வெடித்ததும் உதவி தரும் நாடுகள் பட்ஜெட் உதவியை நிறுத்தின. அவர்கள் கோபம் நியாயம்தான், ஆனால் திருடியவன் வீட்டில் ஒரு வேளைச் சோறு குறையவில்லை, அரசு மருத்துவமனையில் மருந்துதான் குறைந்தது. இதில் இன்னொரு கெடுதலும் இருக்கிறது, பலரும் கவனிப்பதில்லை. பாதிப் பணம் வெளியே இருந்து வரும் நாட்டில் நிதியமைச்சர் கணக்குச் சொல்வது லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும், தன் தொகுதிக்கு இல்லை.

இந்தியாவுக்கும் தொடர்புள்ள ஒரு கதை இருக்கிறது. இந்திய எக்ஸிம் வங்கி கொடுத்த 5 கோடி டாலர் கடனில் இருந்து மலாவி அரசு சிறு விவசாயிகளுக்காக 177 டிராக்டர்களும் மக்காச்சோளம் உதிர்க்கும் இயந்திரங்களும் வாங்கியது. அவற்றில் பெரும் பகுதியை அமைச்சர்களும் எம்.பி.க்களும் அதிகாரிகளும் மலிவு விலைக்குத் தங்களுக்கே எடுத்துக்கொண்டார்கள். 2016ல் இதை விசாரித்து அறிக்கை கொடுத்தவர் மார்த்தா சிசூமா, அப்போது மக்கள் குறைகேட்பு ஆணையர். அரசு பொதுமக்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றே உத்தரவு போட்டார். அரசு மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக நீதிமன்றப் படியேறியது. டிராக்டர் போனது போனதுதான், கடனைக் கட்டுவது மட்டும் டிராக்டரைக் கண்ணாலேயே பார்க்காத விவசாயியின் வரிப்பணம்.

சிசூமாவைக் கவனியுங்கள், இனி வருவது அவர் கதைதான். 2021ல் ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவராக அவரைச் சக்வேரா நியமித்தார், நாடே கைதட்டியது. அந்த ஆண்டே பிரிட்டனில் ஒரு தொழிலதிபர் கைதானார், மலாவி போலீஸ், ராணுவ ஒப்பந்தங்களுக்காக அங்குள்ள பெரிய மனிதர்களுக்குப் பணம் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டு, அவர் மறுக்கிறார். 2022 ஜூனில் இந்த விவகாரத்தில் பெயர் அடிபட்ட போலீஸ் தலைவரைச் சக்வேரா நீக்கினார், துணை அதிபர் சிலிமாவுக்கு எந்த வேலையும் ஒதுக்குவதில்லை என்று அறிவித்தார் (மக்கள் தேர்ந்தெடுத்தவரை நீக்க முடியாது, அதே பழைய சட்டம்). நவம்பரில் சிலிமாவை ஊழல் தடுப்புப் பிரிவு கைது செய்தது, அந்தத் தொழிலதிபரிடம் 2,80,000 டாலர் வாங்கினார் என்று. அவரும் மறுத்தார். பதினோரு நாள் கழித்து, டிசம்பர் 6 விடிகாலையில், போலீஸ் வந்து சிசூமாவை அவர் வீட்டில் இருந்தே அள்ளிக்கொண்டு போனது! ஒரு தொலைபேசிப் பேச்சு கசிந்திருந்தது, அதில் அவர் பேசியது அவதூறு என்று புகார். புகார் கொடுத்தவர் யாரோ இல்லை, அரசுக் குற்ற வழக்குகளின் இயக்குநரேதான். ஊழல் வழக்கில் கூட நின்று வாதாட வேண்டிய அதிகாரி, ஊழலைப் பிடிப்பவரைப் பிடிக்கச் சொல்கிறார். ஊரே கொதித்ததில் அன்றே விட்டுவிட்டார்கள்.

2024 மே மாதம் சிலிமா மீதான வழக்கை அரசுக் குற்ற வழக்குகளின் புதிய இயக்குநர் கைவிட்டார். அதே மாதத்தோடு சிசூமாவின் பதவிக்காலம் முடிந்தது, நீட்டிப்பு இல்லை. ஜூன் 10ஆம் தேதி சிலிமா சிக்கங்காவா காட்டில் விமானம் விழுந்து இறந்துபோனார், கூட இருந்த எட்டுப் பேரும் போனார்கள். அவர் குற்றவாளியா, நிரபராதியா என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை, இனிச் சொல்லவும் முடியாது. வழக்கைக் கைவிடுவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு உதவி என்றுதான் நினைக்கிறோம், உண்மையில் நிரபராதியாக இருந்திருந்தால் அவருக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

இது ஒரு தடவை நடந்தது என்றால் விட்டுவிடலாம். 2012 பதவிக் குழப்பத்துக்காகப் பீட்டர் முத்தாரிகா உட்படப் பலர் மீது 2013ல் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள், 2014ல் அவரே அதிபரானதும் வழக்கு காணாமல் போனது. முலூசி மீது 170 கோடி க்வாச்சா தொடர்பான வழக்கு 2009ல் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் மாறினார்கள், அவருக்கு உடம்பு சரியில்லை, ஒத்திவைப்பு, மறுபடி ஒத்திவைப்பு, 2023 மே மாதம் அரசே கைவிட்டது. பதினான்கு ஆண்டு! நான்கு அதிபர்கள் மாறிவிட்டார்கள் அதற்குள்.

ஏன் இப்படி ஆகிறது என்பதற்கு லஞ்சம், பண்பாடு என்றெல்லாம் சிலர் பெரிய பேச்சுப் பேசுவார்கள், எனக்கு அதில் நம்பிக்கையில்லை. விஷயம் ரொம்பச் சின்னது. வழக்கை நிறுத்தும் அதிகாரம் உள்ள அரசு வழக்கு இயக்குநரை நியமிப்பது அதிபர். ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவரை நியமிப்பது அதிபர். போலீஸ் தலைவரையும் அவர்தான். பதவியில் இருக்கும்வரை அதிபர் மீது குற்ற வழக்கும் போட முடியாது. எதிர்க்கட்சியில் இருக்கும்போது இதையெல்லாம் மாற்றுவேன் என்று சொல்லாத தலைவர் இல்லை, உள்ளே போய் உட்கார்ந்தபின் மாற்றியவரும் இல்லை. 2022ல் ஒரு திருத்தம் வந்தது உண்மைதான், ஊழல் தடுப்புப் பிரிவு வழக்குத் தொடர அந்த வழக்கு இயக்குநரின் சம்மதம் வேண்டியதில்லை என்றார்கள். வாசலைத் திறந்துவிட்டுக் கொல்லைப்புறத்தை அப்படியே வைத்திருந்தார்கள், தொடர்ந்த வழக்கைக் கைவிடும் அதிகாரம் அவரிடமே இருக்கிறது. கைவிட்டால் பத்து நாளில் நாடாளுமன்றக் குழுவுக்குக் காரணம் சொல்ல வேண்டும் என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு சொல்கிறது, சொன்னபிறகு அந்தக் குழு என்ன செய்துவிட முடியும்? எழுதி வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, அங்கே கட்சிகள் வேறு வேறு, ஆட்கள் கொஞ்சம் பேர்தான். சிலிமா முதலில் பீட்டர் முத்தாரிகாவின் துணை அதிபர், அப்புறம் அவரை எதிர்த்து நின்று சக்வேராவின் துணை அதிபர். இன்று நீ போடும் வழக்கு நாளைக்கு உன் கூட்டணிக்காரர் மேல் வந்து நிற்கும், அதனால் யாருக்குமே எந்த வழக்கையும் கடைசிவரை கொண்டுபோக மனசு வராது.

சக்வேராவை முழுக்கக் குறைசொல்வதும் சரியில்லை. கோவிட் பணத்தில் ஒரு பகுதியைத் தென்னாப்பிரிக்கப் பயணத்துக்கு எடுத்த தொழிலாளர் அமைச்சரை 2021ல் நீக்கினார். மானிய உரம் வாங்குகிறோம் என்று பிரிட்டனில் ஒரு இறைச்சிக் கம்பெனிக்கு, ஆமாம் இறைச்சிக் கம்பெனிக்குத்தான், கோடிக்கணக்கில் முன்பணம் அனுப்பிய கூத்து 2022ல் வெளியே வந்ததும் விவசாய அமைச்சரை நீக்கினார். ஆனால் அமைச்சரை நீக்குவது அதிபர் கையில் இருக்கிற, செலவில்லாத வேலை. அடுத்த நாள் பத்திரிகையில் நல்ல பெயர், போன பணம் போன இடத்திலேயே.

2025 செப்டம்பர் 16 தேர்தலில் என்ன நடந்தது என்று பாருங்கள். பணவீக்கம் 30 சதவீதத்தை ஒட்டி, 2023 நவம்பரில் க்வாச்சாவின் மதிப்பைக் குறைத்ததில் ஒரே அடியில் டாலர் விலை 44 சதவீதம் ஏற்றம், பெட்ரோல் பங்கில் முடிவில்லாத வரிசை. சக்வேராவுக்கு 33 சதவீதம்தான் கிடைத்தது. ஜெயித்தவர் 56 சதவீதத்துக்கு மேல் வாங்கிய பீட்டர் முத்தாரிகா, வயது 85, அதாவது ஐந்து ஆண்டு முன்பு நீதிமன்றமும் ஜனமும் சேர்ந்து இறக்கிய அதே ஆள். அவரோடு துணை அதிபராக வந்தவர் யார் என்று ஊகியுங்கள். வொயிட்னர் தேர்தலை நடத்திய ஜேன் அன்சா. நாடு அவர்கள் செய்ததை மறந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். மறக்கவில்லை, கையில் இருந்தது ஒரே ஒரு ஓட்டு, அதை வைத்து ஆளும் ஆளைத்தான் தண்டிக்க முடியும், பழைய ஆளுக்கும் சேர்த்துத் தண்டனை கொடுக்க அந்தச் சீட்டில் இடம் கிடையாது. சக்வேரா தோல்வியை ஒப்புக்கொண்டு ஒதுங்கினார், இதையும் சொல்லியாக வேண்டும். ஆளும் அதிபர் தேர்தலில் தோற்றுப் பதவியை விடுவது மலாவியில் 1994, 2014, 2020, 2025 என நான்கு முறை நடந்திருக்கிறது, அந்தப் பக்கத்தில் இதை எத்தனை நாடு சொல்ல முடியும்?

இனி என்ன செய்யலாம் என்று கேட்டால், புதிதாக ஒரு ஆணையம் அமைப்பதை நான் சொல்ல மாட்டேன். இருக்கிற ஆணையங்களுக்கே உட்கார நாற்காலி இல்லை. பெரிய புள்ளி ஒருவரின் வழக்கைக் கைவிட வேண்டுமானால் ஒரு நீதிபதி முன்னால் காரணம் சொல்லி அனுமதி வாங்க வேண்டும், அதுவும் திறந்த நீதிமன்றத்தில், வானொலி இருக்கும்போது. இது ஒன்று மட்டும் இருந்திருந்தால் முலூசி வழக்கும் சிலிமா வழக்கும் இப்படி ஒரு துண்டுக் காகிதத்தில் முடிந்திருக்காது. ஊழல் தடுப்புப் பிரிவின் தலைவருக்கு ஒரே ஒரு நீண்ட பதவிக்காலம் கொடுத்து நீட்டிப்பு என்ற பேச்சையே எடுத்துவிடலாம், நீட்டிப்புக்காக ஒருவர் முகத்தைப் பார்க்கும் நிலை இருந்தால் எவ்வளவு நேர்மையானவருக்கும் கை நடுங்கும். பெரிய வழக்குகளின் விசாரணையை 2019ல் செய்தது போல் நேரடியாக ஒலிபரப்பினால் ஒத்திவைப்பு கேட்கும் வக்கீலுக்கே கூச்சம் வரும்.

எம்.பி.க்கள் விஷயமும் இருக்கிறது. 1994ல் வந்த புதிய அரசியலமைப்புச் சட்டத்தின் 64ஆம் பிரிவில், சரியாக நடக்காத எம்.பி.யைத் தொகுதி மக்களே திரும்ப அழைக்கும் உரிமை இருந்தது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த 1995லேயே அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள், நீக்கியது யார் என்றால் அதே எம்.பி.க்கள்தான். அதைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் குரல்கள் அவ்வப்போது எழுகின்றன, தொகுதி மேம்பாட்டு நிதி பெருகப் பெருக இனி இன்னும் பலமாக எழும். அடுத்த முறை யாராவது உங்களிடம் மலாவிக்கு ராணுவம்தான் வழி என்றால், ராணுவம் வந்து இதில் எதை மாற்றும் என்று கேட்டுப் பாருங்கள், வழக்கு இயக்குநரை யார் நியமிப்பது என்பதையா, 64ஆம் பிரிவையா?